ஏழும் எட்டும்: பாப்பும் மினிமலிசமும் சேர்ந்த ஆறு நிமிட இசையைக் கட்டும் முழு வழிகாட்டி

பாப் பாட்டு, மினிமலிச இசை இரண்டுமே திரும்பத் திரும்ப வருவதை நம்பித்தான் நிற்கின்றன. ஆனால் திரும்பும் காரணம் வேறு. பாப்பில் பல்லவி போய்விட்டு வரும். போனது வந்துவிட்டதில்தான் சுகம். மினிமலிசத்தில் எதுவும் போவதே இல்லை. ஒரே துணுக்கு காதுமுன் கிடந்தபடியே மெல்ல வேறொன்றாகிக்கொண்டிருக்கும். எந்த நொடியில் மாறியது என்று பிடிக்க முடியாததில்தான் சுகம். இரண்டு சுகத்தையும் ஒரே இசையில் தருவதுதான் இங்கே வேலை.

பெரும்பாலான முயற்சிகள் சறுக்குமிடம் ஒன்றுதான். பியானோவில் நான்கு கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) உடைத்து வாசித்து, பின்னால் வயலின்களை நீட்டி இழுத்து, அடியில் ஒரு கிக் டிரம்மைப் போட்டால் இனிமையான பின்னணி கிடைக்கும். அதில் மினிமலிசம் இருக்காது, ஏனென்றால் உள்ளே எந்தக் கணக்கும் ஓடவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர்கள் டெர்ரி ரைலி, ஸ்டீவ் ரைஷ், ஃபிலிப் கிளாஸ் ஆகியோர் 1960-களில் கொண்டுவந்தது மென்மையை அல்ல. கேட்பவர் காதாலேயே பின்தொடரக்கூடிய ஒரு கணக்கை. அந்தக் கணக்கை முதலில் போட்டுவிட்டால் பாப் அதன்மேல் தானாக உட்காரும். தலைகீழாகச் செய்தால் உட்காராது.

கீழே ஒரே ஓர் உதாரணம் முதல் பாரிலிருந்து (பார் என்பது ஒரு தாளச் சுற்று) கடைசிப் பார் வரை கட்டப்படுகிறது. ஸ்வரங்களை அப்படியே போட்டுக் கேளுங்கள். பிறகு உங்கள் துணுக்கை வைத்து மாற்றிக்கொள்ளலாம். மிடி (எந்த ஸ்வரம் எப்போது, எவ்வளவு வலுவாக என்ற குறிப்பு) பதிவு செய்யும் எந்த மென்பொருளும் போதும். ஒலிகள்: மரிம்பா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) அல்லது பியானோ இரண்டு தடம், பேஸ் கிட்டார், கிக், நான்கு தந்தி வாத்தியங்கள், ஒன்றிரண்டு குரல். இதற்கு மேல் சேர்க்கத் தோன்றினால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

1. டெம்போ: கணக்குக்கு வசதியான எண்

120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 பீட்), நான்கு பீட் கொண்ட பார். ஒரு பீட் அரை விநாடி, ஒரு பார் 2 விநாடி. பாரை எட்டு அரை பீட்டுகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் கால் விநாடி. இந்த அரை பீட்தான் இனி நம் அளவுகோல்.

180 பார் என்றால் சரியாக ஆறு நிமிடம். எல்லாம் முடிந்தபின் டெம்போவை மாற்றிக்கொள்ளலாம்: 112-இல் அதே 180 பார் 6 நிமிடம் 26 விநாடிக்கு நீளும், 128-இல் 5 நிமிடம் 38 விநாடிக்குள் முடியும். 128-க்கு மேலே போனால் கேட்கும் காது தனித்தனி ஸ்வரங்களை விட்டுவிட்டு மொத்தமாக ஒரு சலசலப்பையே கேட்க ஆரம்பிக்கும். 100-க்குக் கீழே போனால் துணுக்கு தாலாட்டாகிவிடும்.

2. துணுக்கு: ஏழு ஸ்வரம், அதற்கு மேல் வேண்டாம்

ஸ்வரங்களை மேற்கத்திய எழுத்துப் பெயர்களால் குறிக்கிறோம், எண் எந்த ஆக்டேவ் (எட்டு ஸ்வரத் தொகுதி) என்று சொல்லும். பியானோவின் நடு சி-யை சி4 என்று கொண்டால் நம் துணுக்கு இது, ஒவ்வொன்றும் ஓர் அரை பீட்:

ஈ4, பி4, ஏ4, ஜி4, டி5, பி4, ஏ4

சாதாரணமாகத் தெரிகிறதா? அப்படித்தான் தெரிய வேண்டும். இதில் நான்கு முடிவுகள் ஒளிந்திருக்கின்றன.

ஜி, ஏ, பி, டி, ஈ என்ற ஐந்து ஸ்வரங்கள் மட்டுமே வருகின்றன. இவற்றில் எந்த இரண்டுக்கும் நடுவில் அரை ஸ்வர இடைவெளி (பியானோவில் ஒட்டியிருக்கும் இரண்டு கட்டைகளின் தூரம்) கிடையாது. பின்னால் இந்தத் துணுக்கைத் தன்மேலேயே நகர்த்தி வைக்கப்போகிறோம். அப்போது எது எதன்மேல் விழுந்தாலும் காதைக் கீறாமல் இருக்க இதுதான் காப்பீடு. சி-யையோ எஃப் ஷார்ப்பையோ உள்ளே விட்டால் பி-யோடும் ஜி-யோடும் உரசும். அந்த உரசல் நகரும் ஒவ்வொரு சுற்றிலும் புதிய இடத்தில் தலைகாட்டும்.

மேல் ஸ்வரமான டி5 ஒரே ஒருமுறை வருகிறது. காது எப்போதும் உயரமான ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும். அது ஒன்றாக இருந்தால்தான் துணுக்கு எங்கே நிற்கிறது என்று தெரியும். இரண்டு முறை வந்தால் அடையாளம் குழம்பும்.

கீழ் ஸ்வரமான ஈ4 முதலில் நிற்பதால் தொடக்கம் தெளிவாகிறது. நீளம் ஏழு என்பதால் எட்டு கொண்ட பாருக்குள் அது அடங்காது. இந்த அடங்காமைதான் முழு இசைக்கும் எரிபொருள்.

உங்கள் சொந்தத் துணுக்கை எழுதினால் ஐந்து அல்லது ஒன்பது அரை பீட் நீளமும் வேலை செய்யும். ஆறு சீக்கிரமே பாரோடு சேர்ந்துவிடும், மூன்றே பாரில். பதினொன்று சேருவதற்கு 22 விநாடி எடுக்கும். அதற்குள் கேட்பவர் நூலைத் தவறவிட்டுவிடுவார். எழுதியதை மூன்று நிமிடம் நிறுத்தாமல் ஓடவிட்டுக் கேளுங்கள். எரிச்சல் வந்தால் துணுக்கில் சுவாரசியம் அதிகம் என்று பொருள். ஆம், அதிகம்தான், ஒரு வளைவைக் குறைத்துவிடுங்கள்.

3. ஏழு எட்டின்மேல் எப்படி நகர்கிறது

எட்டு முறை துணுக்கு ஓடினால் 56 அரை பீட். அது சரியாக ஏழு பார், 14 விநாடி. அதாவது ஏழு பாருக்கு ஒருமுறை துணுக்கும் பாரும் ஒன்றாகத் தொடங்கும். நடுவில் டி5 எங்கெல்லாம் விழுகிறது என்று பாருங்கள்:

பார் 1: ஐந்தாவது அரை பீட்
பார் 2: நான்காவது
பார் 3: மூன்றாவது
பார் 4: இரண்டாவது
பார் 5: முதலாவது; அதே பாரில் மறுபடியும் எட்டாவது
பார் 6: ஏழாவது
பார் 7: ஆறாவது

ஒவ்வொரு பாரிலும் ஓர் அரை பீட் முன்னால் வந்து, ஐந்தாவது பாரில் பாரின் தலையிலேயே உட்காருகிறது. மரிம்பாக்காரர் எதையும் மாற்றவில்லை, அதே ஏழு ஸ்வரங்களைத்தான் வாசிக்கிறார். ஆனால் கேட்பவருக்கு ஏதோ ஒன்று நெருங்கி வந்து தட்டிவிட்டுப் போனதுபோல இருக்கும். இந்த ஐந்தாவது பாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குரல் வரும்போது தேவைப்படும்.

மென்பொருளில் செய்யும்போது ஒரு பொறி உண்டு. பலர் ஏழு ஸ்வரங்களைப் பதிவு செய்துவிட்டு, லூப் நீளத்தை ஒரு பாருக்கு என்று விட்டுவிடுவார்கள். எட்டாவது அரை பீட் மௌனமாகி, துணுக்கு ஒவ்வொரு பாரிலும் ஒரே இடத்தில் தொடங்கும். நகர்வே இருக்காது. லூப் முடியும் குறியை ஏழாவது அரை பீட்டின் முடிவில் வையுங்கள், அல்லது எட்டுப் பிரதிகளை ஒட்டி 56 அரை பீட் கொண்ட ஒரே துண்டாக்கிவிடுங்கள். இரண்டாவது வழி பாதுகாப்பானது.

4. கார்டுகள்: ஒரே நான்கு, இரண்டு வேகம்

ஈ மைனர், சி, ஜி, டி. பாப் உலகில் தேய்ந்துபோன வரிசைதான். தேய்ந்தது என்பதாலேயே எடுக்கிறோம். கேட்பவர் அதை இரண்டு விநாடியில் அடையாளம் காண வேண்டும்.

டி கார்டில் மட்டும் ஒரு திருத்தம்: எஃப் ஷார்ப்பை எங்கேயும் வாசிக்காதீர்கள். அது ஜி-யை நோக்கி இழுக்கும் ஸ்வரம். அது ஒலித்தால் 'இதோ வீட்டுக்கு வந்தாச்சு' என்ற முடிவுணர்வு ஒவ்வொரு நான்கு பாருக்கும் வந்துவிடும், இசை சின்னச் சின்னத் துண்டாக உடைந்துவிடும். தவிர துணுக்கில் உள்ள ஜி-யோடு அது நேரடியாக மோதும். டி, ஜி, ஏ மூன்றும் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். இந்த நான்கு கார்டுகளையும் இரண்டு வேகத்தில் பயன்படுத்தப்போகிறோம். மெதுவான பாகங்களில் ஒவ்வொரு கார்டும் ஏழு பார் நிற்கும். நான்கு கார்டுக்கு 28 பார், 56 விநாடி. பல்லவியில் ஒவ்வொரு கார்டும் ஒரே பார். அதே 28 பாரில் வரிசை ஏழுமுறை சுற்றும். கேட்பவருக்கு இது தெரியாது. ஆனால் பல்லவி முதல்முறை வரும்போதே 'இது முன்பே கேட்டதுதானே' என்ற உணர்வு வரும், ஏனென்றால் கடந்த ஒரு நிமிடமாக அதே வரிசையின் மேல்தான் அவர் உட்கார்ந்திருந்தார்.

இந்த உறவுக்குப் பெரிய முன்னோடி ரைஷின் 'மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்', 1976. அதில் 11 கார்டுகள் தொடக்கத்தில் வரிசையாக வந்துபோகும்; பிறகு ஒவ்வொரு கார்டும் நீட்டப்பட்டு அதன்மேல் தனித்தனிப் பாகம் எழும். நாம் திசையை மாற்றி, மெதுவானதை முன்னாலும் வேகமானதைப் பின்னாலும் வைக்கிறோம், பல்லவிக்கு எதிர்பார்ப்பு கூட வேண்டும் என்பதால்.

பல்லவியில் இன்னொரு பரிசும் கிடைக்கிறது. டி5 பாரின் தலையில் விழுவது 5, 12, 19, 26 ஆகிய பார்களில். ஐந்தாவது பாரில் ஈ மைனர், பன்னிரண்டில் டி, பத்தொன்பதில் ஜி, இருபத்தாறில் சி. அதாவது அந்த ஒரே ஸ்வரம் நான்கு கார்டுகளையும் ஒவ்வொரு முறை தலையில் தொடுகிறது: முதலில் ஏழாம் ஸ்வரமாக, பிறகு மூல ஸ்வரமாக, பிறகு ஐந்தாவதாக, கடைசியில் ஒன்பதாவதாக. நாலுக்கும் ஏழுக்கும் ஒன்றைத் தவிர பொது வகுஎண் இல்லாததால் தானாக அமைவது இது. இசையமைப்பாளர் யோசித்துச் செய்ததைப் போலவே ஒலிக்கும், பாராட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பேஸுக்கு ஈ1, சி2, ஜி1, டி2. மெதுவான பாகங்களில் பாருக்கு ஒரே ஒரு முழு ஸ்வரம். பல்லவியில் அரை பீட்டுக்கு ஒன்றாக ஓடட்டும்.

5. கிக்: பாப்புக்கும் மினிமலிசத்துக்கும் நடுவிலுள்ள சுவிட்ச்

கிக் இல்லாமல் துணுக்கை ஓடவிட்டால் காது அதை ஏழாகவே எண்ணும். டி5 ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒலிக்கும், எதுவும் நகராது. பீட்டுக்கு ஒன்றாகக் கிக் விழுந்த நொடியில் காது நான்குக்குத் தாவிவிடும். அதே துணுக்கு இப்போது சறுக்கிக்கொண்டே போவதாகத் தெரியும். ஒரு ஸ்வரத்தைக்கூட மாற்றாமல் கேட்பவரின் எண்ணிக்கையையே மாற்றிவிடலாம். இந்த வகை இசையில் இதைவிட வலுவான கருவி வேறில்லை. அதனால்தான் கிக்கைத் தொடக்கத்திலிருந்தே போட்டு வீணாக்கக் கூடாது. மூன்றாவது, ஆறாவது பாகங்களில் மட்டும்.

டிரம் செட்டின் ஸ்னேர் (பட்டென்று ஒலிக்கும் டிரம்), ஹைஹேட் (ஜோடித் தாளத்தட்டு) வேண்டவே வேண்டாம். ஹைஹேட் இருக்கவேண்டிய இடத்தை மரிம்பாவின் தாக்கொலி ஏற்கெனவே நிரப்பிவிட்டது. ஸ்னேர் இரண்டாம், நான்காம் பீட்டை ஆணியடித்துவிடும். துணுக்கு அதன்மேல் பிழையாக வாசித்ததுபோலக் கேட்கும்.

6. இரண்டாவது மரிம்பா: எத்தனை அரை பீட் தள்ளுவது?

அதே துணுக்கை இன்னொரு வாத்தியம் சற்றுத் தள்ளித் தொடங்கினால் புதிய பின்னல் கிடைக்கும். எவ்வளவு தள்ளுவது என்பதை ஊகத்துக்கு விடாதீர்கள், தாளில் எழுதிப் பாருங்கள்.

ஒன்று தள்ளினால்: ஈ–ஏ, பி–ஈ, ஏ–பி, ஜி–ஏ, டி–ஜி, பி–டி, ஏ–பி. ஏழு ஜோடிகளில் மூன்று பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள். கொஞ்சம் கரடுமுரடு.

இரண்டு தள்ளினால்: ஈ–பி, பி–ஏ, ஏ–ஈ, ஜி–பி, டி–ஏ, பி–ஜி, ஏ–டி. ஒரே ஒரு ஜோடிதான் பக்கத்து ஸ்வரம். மற்றவை எல்லாம் திறந்த, இனிய இடைவெளிகள்.

மூன்று தள்ளினால்: பி–பி, ஏ–ஏ என்று இரண்டு இடத்தில் இருவரும் ஒரே ஸ்வரத்தைத் தொடுகிறார்கள். அங்கே பின்னல் அவிழ்ந்து ஓட்டை விழும்.

ஆகவே இரண்டு. ஒன்று என்பதைத் தூக்கிப் போடாதீர்கள், அந்தக் கரடுமுரடு ஒன்பதாம் படியில் வேலைக்கு வரும். நான்கு, ஐந்து, ஆறு தள்ளுவது இந்த மூன்று வழிகளின் கண்ணாடிப் பிம்பம். தனியாகப் பார்க்கத் தேவையில்லை.

எழுதும் முன்பே கேட்டுப் பார்க்க ஒரு குறுக்குவழி: முதல் மரிம்பாவில் 500 மில்லிவிநாடி டிலே (தாமதித்துத் திரும்பும் எதிரொலி) போடுங்கள், ஃபீட்பேக் பூஜ்யம், அதாவது எதிரொலி ஒரே ஒருமுறை. இரண்டு அரை பீட் தள்ளிய பின்னல் அப்படியே கேட்கும். 250 வைத்தால் ஒன்று தள்ளியது. டெம்போவை மாற்றினால் இந்த எண்ணும் மாறும்: 128-இல் ஒரு பீட் 469, 112-இல் 536. சோதித்தபின் டிலேயை எடுத்துவிட்டு நிஜமான இரண்டாவது தடத்தை எழுதுங்கள். டிலே முதல் வாத்தியத்தின் ஒவ்வொரு அழுத்தத்தையும் நகலெடுக்கும். இரண்டு பேர் வாசிக்கும் உயிர் அதில் இருக்காது.

7. ஆறு நிமிடத்தின் வரைபடம்

28 பார் கொண்ட ஆறு பாகங்கள், கடைசியில் 12 பார் வால்.

பாகம் 1 (0:00–0:56). துணுக்கு பிறக்கிறது. முதல் ஏழு பாரில் முதலாம், ஐந்தாம் ஸ்வரங்கள் மட்டும்; மற்ற இடங்கள் மௌனம். எட்டாவது பாரில் மூன்றாவதும் ஆறாவதும் சேரும். பதினைந்தாவது பாரில் இரண்டாவது. இருபத்திரண்டில் மீதியும் வந்து துணுக்கு முழுமையாகும். மௌனத்தை ஸ்வரமாக மாற்றிக் கட்டும் இந்த முறையை ரைஷ் 1971-இல் 'டிரம்மிங்' படைப்பில் பெரிய அளவில் கையாண்டார். கிளாஸின் வழி வேறு: சிதார் கலைஞர் ரவிசங்கருடன் 1960-களின் நடுவில் பாரிஸில் வேலை செய்தபோது பிடித்துக்கொண்ட கூட்டல் முறை, அதில் துணுக்கின் நீளமே ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். அது அழகான வழி, ஆனால் இங்கே ஆகாது. நீளம் ஏழிலிருந்து அசைந்தால் நம் கணக்கு முழுவதும் சரிந்துவிடும்.

பாகம் 2 (0:56–1:52). இரண்டாவது மரிம்பா இரண்டு அரை பீட் தள்ளி நுழைகிறது. பேஸ் மெதுவான கார்டுகளைத் தொடங்குகிறது.

பாகம் 3 (1:52–2:48). கிக், வேகமான கார்டுகள், குரல். முதல் பல்லவி. இரண்டாவது மரிம்பா ஓய்வெடுக்கட்டும்.

பாகம் 4 (2:48–3:44). கிக் நிற்கிறது. மெதுவான கார்டுகள், இப்போது தந்தி வாத்தியங்களில். குரல் உடைந்து துணுக்குக்குள் கரைகிறது.

பாகம் 5 (3:44–4:40). எல்லாம் விலகி இரண்டு மரிம்பாக்கள் மட்டும்.

பாகம் 6 (4:40–5:36). எல்லோரும் திரும்புகிறார்கள். பெரிய பல்லவி.

பல்லவி இரண்டு நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் வருகிறது. பாப் கணக்கில் இது தாமதம். அவசரமென்றால் பாகம் 1-ஐப் பாதியாக்கி, பாகம் 4-ஐ விட்டுவிடலாம். 4 நிமிடம் 36 விநாடி ஆகும். பாகம் 2-ஐ மட்டும் தொடாதீர்கள். மெதுவான வரிசையைக் கேட்காத காதுக்கு வேகமான வரிசை வெறும் நான்கு கார்டுதான்.

8. குரல்: பாதி வெறுமையாக விடுங்கள்

பல்லவியின் மெட்டு நான்கு பார். முதல் பாரில் மூன்றாவது அரை பீட்டில் தொடங்கி பி, பி, ஏ, ஜி. இரண்டாம் பார் வெறுமை. மூன்றாம் பாரில் அதே இடத்தில் ஏ, ஏ, ஜி, ஈ. நான்காம் பார் வெறுமை. எட்டே ஸ்வரம், எட்டே அசை. வெறுமையான பார்களில்தான் துணுக்கின் சறுக்கல் காதுக்குத் தெரியும். அங்கே ஹம்மிங், எதிரொலிக் குரல் எதையும் நிரப்ப வேண்டாம்.

வரியைத் தேர்ந்தெடுக்கும்போது பொருளைவிட வல்லின மெய்யைக் கவனியுங்கள். க, த, ப போன்ற எழுத்தில் தொடங்கும் அசை தாளம்போல ஒலிக்கும். உயிரெழுத்தில் தொடங்குவது வழுக்கும்.

சுருதி உயரம் பற்றி ஓர் எச்சரிக்கை. துணுக்கு 330 ஹெர்ட்ஸிலிருந்து 587 ஹெர்ட்ஸ் வரை உட்கார்ந்திருக்கிறது. தாழ்ந்த குரல் பி3-இல் தொடங்கிப் பாடினால் அது துணுக்குக்குக் கீழே வசதியாக நிற்கும். உயர்ந்த குரல் பி4-இல் பாடினால் இரண்டும் ஒரே அறைக்குள் நெருக்கிக்கொள்ளும். அப்போது பல்லவியில் மட்டும் துணுக்கை ஓர் ஆக்டேவ் மேலே, ஈ5-க்குத் தூக்கிவிடுங்கள். ஈக்வலைசரில் வெட்டிச் சமாளிக்கப் பார்த்தால் மரிம்பாவின் உடலே போய்விடும்.

ஏழு சுற்றிலும் மெட்டு அப்படியே திரும்பினால் அலுக்கும். மெட்டை மாற்றாமல் ஆட்களைக் கூட்டுங்கள்: முதல் மூன்று சுற்று ஒரே குரல், நான்காவதிலிருந்து கீழே ஓர் ஆக்டேவ் தள்ளி இன்னொரு குரல், ஆறாவதில் பேஸ் கிட்டாரின் மேல் சரத்தில் அதே மெட்டு. பாகம் 6-இல் எல்லாம் முதல் சுற்றிலிருந்தே.

பாகம் 4-இல் குரலை உடைப்பது இப்படி: பல்லவியின் கடைசி அசையை மட்டும் வெட்டி எடுத்து, டி5 விழும் இடத்தில் வையுங்கள். முதல் ஏழு பாரில் ஐந்தாவது சுற்றில் மட்டும், அதாவது ஐந்தாவது பாரின் தலையில், ஒரே ஒருமுறை. அடுத்த ஏழில் முதல், ஐந்தாம் சுற்றுகளில். அடுத்ததில் ஒன்று விட்டு ஒன்றாக நான்கு. கடைசி ஏழில் எட்டு முறையும். பாடகரின் வரி ஒரு வாத்தியமாக மாறிவிடுவதைக் கேட்பவர் கண்ணெதிரே பார்ப்பார்.

9. பாகம் 5: நிஜமான நகர்வு

இதுவரை தள்ளிவைத்தோம், இப்போது நழுவவிடப்போகிறோம். ரைஷ் 1967-இல் இரண்டு பியானோக்களுக்கு எழுதியபோது ஒருவர் நிலையாக வாசிக்க, மற்றவர் மிக மெல்ல வேகமெடுத்து ஒரு ஸ்வரம் முந்திப்போவார். அதை நாம் இந்த 28 பாரில் நான்கு துண்டாகச் செய்கிறோம்.

முதல் ஏழு பார்: இரு மரிம்பாவும் ஒன்றாக.
அடுத்த ஏழு: இரண்டாவது மரிம்பா ஓர் அரை பீட் முந்தும்வரை நழுவுகிறது.
அடுத்த ஏழு: அங்கேயே நிற்கிறது. ஆறாம் படியில் பார்த்த கரடுமுரடு இதுதான்.
கடைசி ஏழு: இன்னோர் அரை பீட் நழுவுகிறது.

பாகம் 6 தொடங்கும் நொடியில் இரண்டும் இரண்டு அரை பீட் தள்ளிய இனிய பின்னலில் வந்து நிற்கும். அதே நொடியில் கிக்கும் விழும். முந்தினாலும் பிந்தினாலும் ஜோடிகள் அதேதான். உரசல் அவிழ்வதும் பல்லவி திரும்புவதும் ஒன்றாக நடக்கின்றன. மினிமலிசக் கணக்கும் பாப்பின் எதிர்பார்ப்பும் கைகுலுக்கும் இடம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்கான முன்னேற்பாடு.

மென்பொருளில்: நழுவும் ஏழு பாரில் 56 ஸ்வரங்களுக்குப் பதிலாக 57 வைக்க வேண்டும். எட்டுத் துணுக்குக்குப் பிறகு ஓர் ஈ4 சேர்த்து 57 ஆக்குங்கள்; எல்லா ஸ்வரங்களையும் தேர்ந்தெடுத்து நீளத்தை 98.25 விழுக்காட்டுக்குச் சுருக்குங்கள். 14.25 விநாடி 14-க்குள் அடங்கும். இரண்டாவது மரிம்பா 122.14 பிபிஎம்மில் ஓடுவதற்குச் சமம். அடுத்த துண்டு துணுக்கின் இரண்டாவது ஸ்வரமான பி4-இல் தொடங்க வேண்டும். இதை மறந்து ஈ4-இல் தொடங்கினால் நழுவியதெல்லாம் வீணாகி இரண்டும் மறுபடி ஒன்றாகிவிடும். மிக அடிக்கடி நடக்கும் தவறு இது. கடைசி நழுவலில் பி4-இல் தொடங்கி எட்டுச் சுற்று, பிறகு இன்னொரு பி4. பாகம் 6 மூன்றாவது ஸ்வரமான ஏ4-இல் தொடங்கும்.

குவாண்டைஸ் (ஸ்வரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் வசதி) தானாக இயங்கும்படி வைத்திருந்தால் நழுவிய ஸ்வரங்களைப் பிடித்து மறுபடி கட்டத்தில் நிறுத்திவிடும். முதலில் அதை அணையுங்கள்.

என்ன கேட்க வேண்டும்? முதல் ஒன்றிரண்டு விநாடி ஒலி தடித்ததுபோல இருக்கும். பிறகு தாக்கொலிகள் இரட்டிக்கும். ஏழாவது விநாடியில் இரண்டாவது மரிம்பா சரியாக நடுவில் விழுந்து, வேகம் இரு மடங்கானதுபோல ஒரு மாயம் தோன்றும். பிறகு கலங்கி, தெளியும். இந்த நான்கு கட்டமும் கேட்கவில்லை என்றால் ரிவெர்ப் (அறையின் எதிரொலிபோன்ற விளைவு) அதிகம்.

மேடையில் மனிதர்கள் இதைச் செய்ய மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். நேரமில்லையென்றால் நழுவாமல் குதியுங்கள்: 1972-இல் கைத்தட்டலுக்காக எழுதிய படைப்பில் ரைஷ் அதைத்தான் செய்தார். பன்னிரண்டு அரை பீட் வடிவத்தை ஒருவர் நிலையாகத் தட்ட, மற்றவர் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அரை பீட் குதித்துப் போவார்.

10. தந்தி வாத்தியங்கள்

முதல் வயலின் டி5, இரண்டாம் வயலின் ஜி4. நான்கு கார்டுக்கும் அசையாமல் நிற்கட்டும். வயோலா பி3, சி4, பி3, ஏ3. செலோ ஈ3, ஈ3, டி3, டி3. மேலே எதுவும் நகராமல் உள்ளே மட்டும் ஒரு படி ஏறி இறங்குகிறது. கிட்டாரில் மேல் விரல்களை எடுக்காமல் கார்டு மாற்றும் அதே வித்தைதான். விப்ராட்டோ (ஸ்வரத்தை அதிரவைப்பது) வேண்டாம், வில்லை மாற்றும் நேரம் நால்வருக்கும் வேறு வேறாக இருக்கட்டும்.

11. ஒலிக்கலவை

மரிம்பா ஸ்வரங்களின் வெலாசிட்டி (தட்டும் வலுவைக் குறிக்கும் எண்) 70-க்கும் 80-க்கும் நடுவில், டி5 மட்டும் 92. நேரத்தில் ஐந்து மில்லிவிநாடிக்கு மேல் ஆட்டம் காட்டாதீர்கள். 'மனிதத்தன்மை' என்ற பெயரில் 20 மில்லிவிநாடி குலுக்கினால் பாகம் 5-இன் நழுவல் அதில் மூழ்கிப்போகும். ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலித்தால் தையல் இயந்திரம்போலாகும். ஒரே ஸ்வரத்துக்கு மூன்று நான்கு பதிவுகளாவது உள்ள ஒலித்தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு மரிம்பாக்களையும் இடம் வலமாக 60 விழுக்காடு வரை விலக்குங்கள். முழுவதும் விலக்கினால் பின்னல் இரண்டு தனித்தனி நூலாகப் பிரிந்துவிடும். நடுவில் ஒன்றாக வைத்தால் எது எங்கே என்று தெரியாது. ரிவெர்ப் ஒன்றரை விநாடிக்குள்.

ஈ1 41 ஹெர்ட்ஸ், ஜி1 49 ஹெர்ட்ஸ். கிக்கின் அடித்தளமும் அங்கேதான் வாழ்கிறது. கிக் விழும்போது பேஸை மூன்று நான்கு டெசிபெல் தாழ்த்தும் சைட்செயின் போடுங்கள், ரிலீஸ் 150 மில்லிவிநாடி. நடன இசையில் கேட்கும் அளவுக்குப் பம்ப் செய்தால் துணுக்கை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

லிமிட்டரை (ஒலி உச்சங்களை அடக்கும் கருவியை) நெருக்கிப் பிழியாதீர்கள். பாகம் 5-க்கும் பாகம் 6-க்கும் நடுவில் ஆறு டெசிபெல்லாவது வித்தியாசம் காதுக்குத் தெரிய வேண்டும்.

கடைசிச் சோதனையைத் திரையை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். திரையில் வண்ணக் கட்டம் மாறுவதைக் கண் பார்த்துவிட்டு, காதும் கேட்டுவிட்டதாக மூளை பொய் சொல்லும். இருட்டில் கேட்டுவிட்டு, மாற்றம் தெரிந்த இடங்களைத் தாளில் எண்ணிப் பாருங்கள்.

12. மேடைக்கு

கிக் இல்லாத பாகங்களில் குழு சிதறும். 1964-இல் ரைலி 53 துணுக்குகளை வைத்து அமைத்த 'இன் சி'-யில் இதே சிக்கல் எழுந்தபோது, பியானோவின் மேல் சி ஸ்வரத்தை விடாமல் தட்டிக்கொண்டிருக்கும் யோசனையைச் சொன்னவர், அதில் வாசித்த ரைஷ். நீங்கள் காதுக்கருவியில் கிளிக் கொடுக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஏழு பாராக எழுதப்பட்டிருக்கட்டும், எட்டாக அல்ல. நோட்டில் ஏழு பாருக்கு ஒரு வரி என்று அச்சிட்டாலே பாதித் தவறு குறையும்.

ஆள் இல்லையென்றால் பதிவு செய்த அடுக்குகளோடு ஒருவர் வாசிக்கலாம். ரைஷ் 1987-இல் கிட்டாருக்கு எழுதிய 'எலக்ட்ரிக் கவுன்டர்பாயின்ட்' அப்படிப்பட்டதுதான்: பத்து கிட்டார், இரண்டு பேஸ் வரை முன்பே பதிவாகியிருக்கும், பதினோராவது கிட்டார் மேடையில். மரிம்பாக்காரருக்கு 28 பாருக்கு ஒருமுறை நான்கு பாராவது கை ஓய்வு கொடுங்கள். இரண்டாவது மரிம்பா அந்த நேரம் முதல் மரிம்பாவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

13. வால்: 169 முதல் 180 வரை

கிக், பேஸ், தந்திகள், குரல், இரண்டாவது மரிம்பா எல்லாம் 168-ஆவது பாரின் முடிவில் ஒரேயடியாக நிற்கின்றன. முதல் மரிம்பா மட்டும் தனியாக 12 பார். அது 96 அரை பீட்; ஏழால் வகுபடாது. பதின்மூன்று முழுத் துணுக்குகள், மீதி ஐந்து அரை பீட்.

இங்கே வேகத்தைக் குறைக்கத் தோன்றும், ஒரு ஈ மைனரை வைத்து முடிக்கத் தோன்றும். இரண்டும் வேண்டாம். கணக்கை அப்படியே ஓடவிடுங்கள். பதினான்காவது துணுக்கு ஈ, பி, ஏ, ஜி என்று நகர்ந்து, ஐந்தாவது ஸ்வரமான டி5-ஐத் தொடும்போது 180-ஆவது பாரின் கடைசி அரை பீட் வந்துவிடும். அந்த டி5-க்கு வெலாசிட்டி 92-தான், கூட்ட வேண்டாம். ரிவெர்ப் வால் தானாக அடங்கட்டும், ஃபேட் (ஒலியைச் செயற்கையாகக் குறைத்து முடிப்பது) போடாதீர்கள்.